மண் கேட்ட பங்கு

மூடுபனி இறங்கினால் நண்பகலிலும் விலகாத ஒரு மலைக்காட்டில், முள்ளழகி என்ற முள்ளம்பன்றி தன் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்து வந்தது. உடம்பெல்லாம் கூரிய முள், உள்ளமெல்லாம் பயம். சருகு விழுந்தாலும் அதற்குச் சிலிர்த்துவிடும்.

ஐப்பசி மழை ஓய்ந்ததும் முள்ளழகி தன் வளையின் வாசலில் பாத்தி கட்டியது. முள்ளங்கி, காரட், பீட்ரூட் என்று வரிசையாக விதைத்தது. குளிர் பட்டால்தானே குழந்தைகளே, இவை நன்றாகத் திரளும்? மார்கழிப் பனியில் அந்தக் காட்டில் வேறு தீனி கிடைக்காது. குட்டிகள் பிழைப்பது அந்தத் தோட்டத்தால்தான்.

கார்த்திகையில் முள்ளங்கிகள் மண்ணுக்கு மேலே வெள்ளைத் தோள் காட்டின. ஒருநாள் காலை. காற்றே இல்லை. ஆனாலும் பாத்தி நடுவே ஒரே ஒரு செடி மட்டும் ஆடியது.

முள்ளழகி அருகில் போய்ப் பார்த்தது. செடியின் பக்கத்தில் ஒரு துளை. நேற்று அது அங்கே இல்லை. கறுத்து, ஈரமாக, திறந்த வாய்போல் இருந்தது.

"முள்ளழகி..." என்றது துளை.

"யா... யார்?"

"நான்தான் மண். என்னைக் கேட்காமல் என் முதுகைக் கீறினாய். என் வயிற்றில் விதையைத் திணித்தாய். என் பங்கு எங்கே?"

"என்ன வேண்டும், மண்ணே?"

"தினமும் பத்துக் கிழங்கு. பிடுங்கி, ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, இந்த வாயில் போடு. போட்டதும் திரும்பிப் பார்க்காமல் போ. மறுத்தால் உன் வளையை மூடிவிடுவேன். நீங்கள் உள்ளே இருக்கும்போதே."

முள்ளழகியின் முட்கள் கடகடவென்று நடுங்கின. பத்து முள்ளங்கிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓடியது. அதன் முதுகுக்குப் பின்னால், மண்ணுக்கு அடியில், 'நறுக்... நறுக்...' என்று சத்தம் கேட்டது.

முள்ளங்கிப் பாத்தி வெறிச்சோடியது. பிறகு காரட் பாத்தியும். குட்டிகள் வாடிய தழையை மென்றன. "அம்மா, கிழங்கு எங்கே?" என்று கேட்டபோது முள்ளழகி இன்னும் கொஞ்சம் தழையைப் பறித்துப் போட்டது.

ஒரு காலை பக்கத்துத் தோட்டத்துக் காட்டுக்கோழி பனிக்குள்ளிருந்து வந்தது. ஊர்க்கதையெல்லாம் உரக்கப் பேசும் அந்தக் கோழி அன்று கிசுகிசுத்தது.

"உன் தோட்டத்திலும் பேசுகிறதா?"

"ஆமாம்."

"என் பட்டாணி முழுவதும் போயிற்று. சரிவில் இருந்த முயல் குடும்பம் காட்டை விட்டே போய்விட்டது. நானும் கிளம்புகிறேன். மண்ணோடு யார் சண்டை போட முடியும்?"

கோழியைப் பனி விழுங்கியது. கொஞ்ச தூரம் காலடி கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

மறுநாள் குரல் மாறியிருந்தது. "காரட் போதாது, முள்ளழகி. இனி உன் வளை எனக்கு வேண்டும். பீட்ரூட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, குட்டிகளோடு இப்போதே போய்விடு."

"இந்தக் குளிரில் வெளியே போனால் என் குட்டிகள் விறைத்துச் செத்துவிடுமே!"

"சாகட்டும்."

முள்ளழகி அழுதுகொண்டே பீட்ரூட்டைப் பிடித்து இழுத்தது. கிழங்கு வரவில்லை. மறுபடியும் இழுத்தது. மண் விடவில்லை; இறுகப் பற்றியிருந்தது.

முள்ளழகி சட்டென்று இழுப்பதை நிறுத்தியது.

'இவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறதே மண்! அதற்கு வேண்டுமென்றால் தானே வைத்துக்கொள்ளலாமே? எதற்கு என்னைப் பிடுங்கச் சொல்கிறது? அதிலும், மண்ணே மண்ணைத் தட்டிவிட்டுத் தரச் சொல்லுமா?'

பயம் போகவில்லை. ஆனாலும் முள்ளழகி சொன்னது: "மண்ணே, இந்தக் கிழங்கு பெரியது, துளைக்குள் உருளாது. உன் வாயைக் கொஞ்சம் மேலே கொண்டு வா."

துளைக்குள் ஏதோ சரசரவென்று ஏறி வந்தது. வெதுவெதுப்பாக ஒரு மூச்சு முள்ளழகியின் முகத்தில் பட்டது. முள்ளங்கி நாற்றம்!

'மண்ணுக்கு ஏது மூச்சு?'

முள்ளழகி திரும்பி நின்றது. முட்கள் அத்தனையையும் விரித்தது. பின்பக்கமாகவே துளைக்குள் முழு வேகத்தில் பாய்ந்தது.

எழுந்த அலறலில் பனியே அதிர்ந்தது. பாத்தி சரிந்தது. உள்ளிருந்து தொந்தி பெருத்த ஒரு பெருச்சாளி, மூக்கில் மூன்று முட்களோடு புரண்டு வெளியே வந்தது.

"நீயா மண்?" என்றது முள்ளழகி.

பெருச்சாளி கீச்சிட்டுக்கொண்டே சரிவில் உருண்டு ஓடியது.

சுரங்கத்துக்குள் முள்ளழகி இறங்கிப் பார்த்தது. ஒரு வழி கோழியின் தோட்டத்துக்கும், ஒரு வழி முயலின் தோட்டத்துக்கும் போனது. நடுவில் கிழங்குகள் குவிந்து கிடந்தன. பாதி அழுகிவிட்டன. நல்லதைப் பொறுக்கிக் குட்டிகளுக்குக் கொடுத்தது. அவை வயிறு நிறையத் தின்றன.

பிறகு முள்ளழகி பாறைமேல் ஏறி நின்று, "திரும்பி வாருங்கள்! பேசியது மண் இல்லை!" என்று கூவியது. அன்றும் கூவியது, அடுத்த நாளும் கூவியது.

பனிக்குள்ளிருந்து யாருமே பதில் சொல்லவில்லை.

நீதி: முகம் காட்டாமல் மிரட்டுபவனுக்குப் பயந்து ஒரு பிடி கொடுத்தால், முடிவில் குடியிருக்கும் இடத்தையும் கேட்பான்.