விளக்கு அணைந்த பிறகு

அந்தோணிராஜ் எழுதிய நிரலை மெஹருன்னிசா மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பியபோது, அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு நேராக மெஹருன்னிசாவின் மேசைக்கே போய்விட்டார்.

நூல் மில்லில் இருபது வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு, நாற்பத்தாறு வயதில் டேப்லட்டின் வைஃபை ரேடியோவை இயக்கும் 'டிரைவர்' நிரல் எழுதக் கற்றுக்கொள்ள வந்தவர். கற்றுக்கொடுப்பவர் தன்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர் என்பதில் அவருக்குக் குறையில்லை. திருப்பி அனுப்பும்போதெல்லாம் 'விளக்கு பொய் சொல்கிறது' என்று ஒரே வரி எழுதுவதுதான் பொறுக்கவில்லை. ரேடியோ ஓடுகிறதா என்று டேப்லட்டில் காட்டும் அந்தச் சின்ன விளக்கைப் பத்து தடவை சோதித்துவிட்டார். ஒரு பழுதும் இல்லை.

"எதுல தப்பு மேடம்? டேப்லட்டுல ரேடியோவை அணைக்கற பொத்தானை அழுத்தினா அது அணையுது."

"எப்போ அணையுது?"

"ஸ்கேன் ஓடிக்கிட்டு இருந்தா, அது முடிஞ்சதும். மிஞ்சிப்போனா நாலு விநாடி. பாதியில நிறுத்தினா, பக்கத்துல என்னென்ன நெட்வொர்க் இருக்குன்னு கேட்ட ஆப்புக்கு அரைகுறைப் பட்டியல்தான் போகும். அரைகுறை வேலை எனக்குப் பழக்கமில்லை."

"விளக்கு?"

"அழுத்தின உடனே அணைஞ்சிடும். ஆளுங்களுக்கு அதுதானே பிடிக்கும்."

மெஹருன்னிசா அதே நிரலை ஒரு டேப்லட்டில் ஏற்றிப் பையில் வைத்தார். ரேடியோ அலையைக் காட்டும் சிறிய மீட்டரை அந்தோணிராஜ் கையில் கொடுத்தார்.

"வாங்க சார். ஒரு இடத்துக்குப் போயிட்டு வரலாம்."

அவர்கள் போனது கல் குவாரிக்கு. பாறையில் வெடி வைக்கும் செல்லத்துரை அங்கே காத்திருந்தார். வெடிமருந்தைத் தூண்டும் டெட்டனேட்டரின் ஒயரைத் தொடும்போது பக்கத்தில் ரேடியோ அலை இருந்தால் வெடித்துவிடக்கூடும். இவர்களுக்கான டேப்லட்டில் அந்தப் பொத்தானை வைத்ததே அதற்காகத்தான்.

"இன்னிக்கு மருந்து கிடையாதுண்ணே, வெறும் ஒயர்தான்," என்றார் மெஹருன்னிசா. "தினமும் செய்யற மாதிரி செஞ்சு காட்டுங்க."

டேப்லட் ஸ்கேன் செய்துகொண்டிருந்தது. செல்லத்துரை பொத்தானை அழுத்தினார். விளக்கு அணைந்தது. டேப்லட்டைப் பாறைமேல் வைத்தார், குனிந்தார், இரண்டு ஒயர் முனைகளையும் எடுத்து முறுக்கினார்.

அந்தோணிராஜின் கையில் மீட்டர் முள் துடித்துக்கொண்டே இருந்தது. நாலாவது விநாடியில்தான் விழுந்தது. செல்லத்துரை அதற்குள் முடிச்சைப் போட்டு முடித்திருந்தார்.

அந்தோணிராஜுக்குக் கோபம்தான் வந்தது.

"கொஞ்சம் பொறுக்கக்கூடாதாண்ணே? மேடம், அஞ்சு விநாடி காத்திருக்கணும்னு கையேட்டுல போட்டுடலாம்."

"எதுக்குக் காத்திருக்கணும்?" என்று நிமிர்ந்தார் செல்லத்துரை.

"ரேடியோ இன்னும் ஓடிக்கிட்டு இருந்துச்சு."

செல்லத்துரை மீட்டரைப் பார்த்தார். பாறைமேல் இருந்த டேப்லட்டைப் பார்த்தார். முகம் கறுத்தது. ஒயரைக் கீழே போட்டார்.

"அப்ப விளக்கு எதுக்கு சார் அணைஞ்சுது? நானும் என் மச்சானும் அதைப் பாத்துட்டுத்தான் குனியறோம். ஓடுதுன்னா ஓடுதுன்னு காட்டட்டும், நாங்க நிப்போம். எங்களுக்கு அவசரம்னு உங்ககிட்ட யாரு சொன்னது?"

அந்தோணிராஜ் மீட்டரை அணைத்துப் பையில் வைத்தார்.

திரும்பும் வழியில் மெஹருன்னிசா வண்டி ஓட்டினார். நெடுஞ்சாலை வந்ததும் அந்தோணிராஜ் வெடுக்கென்று கேட்டார்.

"சரி மேடம், பொத்தானைத் தொட்ட உடனே ஸ்கேனை வெட்டிடறேன். ரேடியோவையும் அணைச்சிடறேன். பட்டியல் கேட்டுட்டுக் காத்திருக்கற ஆப்புக்கு என்ன சொல்றது? கையில இருக்கற பாதியை முழுசுன்னு கொடுக்கவா?"

"ரத்தாயிடுச்சுன்னு சொல்லுங்க."

"செல்லத்துரைக்கு?"

"அணைச்சுட்டேன்னு விளக்கு சொல்லட்டும்," என்றார் மெஹருன்னிசா. "அணைச்ச பிறகு."