எந்தக் கன்னத்தில் குழி?

முழுக்கக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள். பாதியிலேயே "எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்" என்று கை தூக்குகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

அம்பாசமுத்திரத்தில் படம் வரைகிற கடை வைத்திருக்கிறேன். போட்டோவைக் கொடுத்தால் கேன்வாஸில் ஆயில் பெயிண்டில் வரைந்து தருவேன். அதற்கு முன்னால் போட்டோவைக் கம்ப்யூட்டரில் சரிசெய்து தருகிறவன் ஜெயசீலன். கிழிசலை ஒட்டுவான், மூடிய கண்ணைத் திறப்பான். நான் இருபது நாள் முதுகு ஒடிய வரைந்த படத்தைப் பார்த்து, "அடேயப்பா, போட்டோ மாதிரியே இருக்கே, கம்ப்யூட்டர்ல போட்டதா?" என்பார்கள். பாராட்டு அவனுக்குப் போய்விடும். எனக்கு அவன்மேல் பொறாமை உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் இப்போது சொல்லப்போகிற பொறாமைக்கு முன்னால் என்னுடையது தூசு.

ஒருநாள் சங்கரலிங்கம் என்பவர் வந்தார். அவருடைய முதல் மனைவி ஆவுடையம்மாள், மகள் உலகம்மைக்கு ஒரு வயது நிறையும் முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். இரண்டாவதாக வந்த கோமதிதான் பிள்ளையை வளர்த்தாள். உலகம்மை அவளைத்தான் அம்மா என்று கூப்பிடுகிறாள். இப்போது உலகம்மைக்குக் கல்யாணம். முகூர்த்தத்தன்று பெற்றவள் படத்துக்கு மாலை போட்டு, விழுந்து கும்பிட்ட பிறகுதான் பெண் மணவறைக்குப் போக வேண்டும் என்று ஆவுடையின் தங்கை பிரமாச்சி ஒற்றைக் காலில் நின்றாள். கல்யாண ஆல்பத்தையோ கறையான் தின்றுவிட்டது. மிச்சம் இருந்தது பீரோவில் கிடந்த ஒரே ஒரு சின்னப் படம். அதைத்தான் கோமதியோடு வந்து கொடுத்தார்.

"இத யாரும் வெளிய எடுக்கிறதே இல்லம்மா. இருவது வருசமா உள்ளயே கிடக்கு," என்றார்.

சட்டம் கறுத்துப் போயிருந்தது, கண்ணாடி மட்டும் பளிச்சென்று இருந்தது. பீரோச் சாவி கோமதி இடுப்பில் தொங்கியது.

ஜெயசீலன் படத்தைக் கண்ணாடியோடு வைத்தே ஸ்கேன் செய்தான். அதோடு விட்டானா? கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரித்தால் இன்னும் தெளிவாக எடுக்கலாம் என்று தண்ணீரில் ஊறப்போட்டான். படம் மொத்தமும் கரைந்து போயிற்று. பாவி!

அவனிடம் ஒரு பட்டுப்புடவை உடம்பு தயாராக உண்டு. எந்த ஊர்ப் பெண்ணின் தலை வந்தாலும் அதன்மேல் பொருத்திவிடுவான். தலை எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தால் இடவலமாகப் புரட்டிப்போட்டு, மூக்குத்தியை மட்டும் உரிய பக்கத்தில் புதிதாக வைப்பான். ஆவுடையம்மாளையும் அப்படித்தான் பொருத்தியிருந்தான். சிரித்த முகம், ஒரு கன்னத்தில் மட்டும் குழி.

"ஏய், இந்தத் தலையைப் புரட்டினியா, வந்தபடியே வச்சியா?" என்று கேட்டேன்.

"ஞாபகம் இல்லக்கா," என்றான். பழைய ஃபைலின்மேலேயே புதியதைச் சேமித்துவிட்டானாம். படம் கைக்கு வந்தபோது எந்தக் கன்னம் என்று நானும் கவனித்து வைக்கவில்லை.

குழி பக்கம் மாறி விழுந்தால் அது வேறொருத்தி முகம். கல்யாணத்துக்கு இரண்டு மாதம்தான் இருந்தது, ஆயில் பெயிண்ட் காய்வதற்கே அதில் பாதி போய்விடும். அந்த முகத்தை இரண்டு விதமாகவும் அச்செடுத்து வைத்துக்கொண்டு, சங்கரலிங்கம், கோமதி, பிரமாச்சி மூவரையும் வரச்சொன்னேன்.

பிரமாச்சி பார்த்த மாத்திரத்தில் இடது கன்னத்தில் குழி இருந்த படத்தை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள்.

"எங்க அக்கா இதாம். சின்னதுல தெனமும் என்னைக் கண்ணாடி முன்னால நிறுத்தி, பின்னால நின்னு சடை போட்டுவிடுவா. போட்டுக்கிட்டே சிரிப்பா. அந்த முகம் அப்படியே என் கண்ணுல நிக்கு."

சங்கரலிங்கம் பிரமாச்சியைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். "ஆமா, இதேதான்," என்றார்.

"அது இல்ல, இது," என்று கோமதி மற்றதைக் காட்டினாள்.

பிரமாச்சி பொங்கிவிட்டாள். ஆவுடை போன பிறகு அத்தானுக்கு இவளைக் கட்டிவைக்கலாம் என்று பேச்சு நடந்து, கடைசியில் கோமதி வந்துவிட்டாள். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

"எங்க அக்காவ நீ கண்ணால கண்டிருக்கியா? அவ இடத்துக்கு வந்தது பத்தாதா? இப்ப முகத்தையும் மாத்தணுமா? உலகம்மை அவளக் கும்பிடுறது உனக்குப் பொறுக்கல!"

"பொறுக்கலதான்," என்றாள் கோமதி. "இருவது வருசம் வளத்தவ நான். ஆனா அந்தப் படம் இல்ல."

ஒரு பக்கம் கூடப் பிறந்தவள், தாலி கட்டியவரும் அவளோடு. இன்னொரு பக்கம், செத்தவளைப் பார்த்தே இராத சக்களத்தி. வயிறெரிகிறது என்பதையும் அவளே ஒப்புக்கொண்டாள். பிரஷ்ஷோ என் கையில். சொல்லுங்கள், இவர்களில் யார் சொன்னது சரி? நான் யார் பேச்சை நம்பி வரைந்திருக்க வேண்டும்?

விடை: கோமதி சொன்னதுதான் சரி. பிரமாச்சி பொய் சொல்லவில்லை, பாவம். பின்னால் நின்று சடை போடுகிற அக்காவை அவள் பார்த்ததெல்லாம் கண்ணாடியில், அதில் இடம் வலமாகிவிடும். சங்கரலிங்கம் படத்தைப் பார்க்கவே இல்லை, கொழுந்தியாள் கையைப் பார்த்துத் தலையாட்டினார். குடித்தனம் நடத்திய மனிதர், வெட்கக்கேடு! யாருமே எடுக்காத படத்தின் கண்ணாடியை இருபது வருஷம் துடைத்து வைத்தவள், சாவி வைத்திருந்தவள்தான். வலது கன்னத்தில் குழி வைத்தே வரைந்தேன். படத்தை வாங்கிப்போக அவள் தனியாக வந்தபோது கேட்டேவிட்டேன்: "ஏன்க்கா, பேசாம இருந்திருந்தா தப்பான முகம் மாலைய வாங்கிட்டுப் போயிருக்கும். உங்களுக்கு என்ன வந்துச்சு?" கோமதி சொன்னாள்: "தெனமும் அவ முகத்தப் பாத்துப் பாத்து வயிறெரிஞ்சிருக்கேன். என் பிள்ள இன்னொருத்தியக் கும்பிட்டுத்தான் ஆகணும்னா, அது அவளாவே இருக்கட்டும். எவளோ ஒருத்திக்கு என் பிள்ளைய விட்டுத்தர மாட்டேன்."