மருதமரத்துக் கோடுகள்

வற்றிப்போன காட்டாற்றின் கரையில், ஒரு புதருக்குள், பூமாயி என்கிற சருகுமான் தன் புருஷன் தவசியோடும் இரண்டு குட்டிகளோடும் இருந்தாள். முயல் அளவு உடம்பு, குச்சி குச்சியாக நாலு கால்கள். சருகு அசைந்தால் அவளுக்குப் பயம். அசையாவிட்டால் அதைவிடப் பயம்.

அந்த வருஷம் மழை இல்லை. ஆறு முழுக்க மணல்தான் கிடந்தது. கிழக்கே ஒரு பாறைக் குழியில் கொஞ்சம் கலங்கல் தண்ணீர் மிஞ்சியிருந்தது. காட்டில் இருந்த அத்தனை பேரும் அதைத்தான் நக்கிக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர் குறையக் குறைய, ஒரு பழைய கதை பெருகியது.

ஆற்றின் வளைவில் ஒரு பெரிய மருதமரம் நின்றது. வழவழவென்று வெளுத்த அதன் அடிமரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று வரிசைக் கோடுகள் இருந்தன. முன்னோர்கள் ஒரு பெரும் பஞ்சத்தின்போது வற்றாத ஊற்று ஒன்றைக் கண்டுபிடித்தார்களாம். வேறு யாரும் பிடுங்கிக்கொள்ளக் கூடாது என்று அதைப் பலகைக் கல்லால் மூடினார்களாம். தங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் தெரியட்டும் என்று இடத்தை மரத்தில் மறைமொழியாக எழுதிவைத்தார்களாம்.

கீழ்வரிசையை யாரோ ஒரு மூத்த புள்ளிமான் படித்துவிட்டதாகச் சொன்னார்கள். ஒரு தேக்கிலையைக் கோடுகள்மேல் வைத்து, இலை நரம்பும் கோடும் எங்கே எங்கே சேருகின்றன என்று பார்த்ததாம். ‘ஏழு மந்தை ஏழு வருஷம் குடித்தாலும் தீராது’ என்பது கீழ்வரிசை. ஊற்று இருக்கும் இடம் நடுவரிசையிலும் மேல்வரிசையிலும் இருக்கிறது. அவற்றைப் படிக்க எந்த மரத்து இலை வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

தினமும் வெயில் சாய்கிற நேரத்தில் மருதமரத்தடியில் கூட்டம் கூடும். ஒரு பக்கம் கிளைக்கொம்பன் என்கிற புள்ளிமானும் அவன் ஆட்களும். கதை உண்மை என்பது அவர்கள் கட்சி. ஆளுக்கு ஒரு இலையை வாயில் கவ்விக்கொண்டு வருவார்கள். மரத்தில் ஒட்டி ஒட்டிப் பார்ப்பார்கள். இன்னொரு பக்கம் மொட்டைவாலன் என்கிற காட்டுப்பன்றியும் அவன் ஆட்களும். கதை கட்டுக்கதை என்பது அவர்கள் கட்சி.

“இன்னைக்கு என்ன இலை, பெரியவரே? நேத்து கொண்டாந்தது பூவரசா?” என்பான் மொட்டைவாலன்.

“நீ சிரிச்சுக்கோ. ஊத்து கிடைக்கிற அன்னைக்கு வாலை ஆட்டிக்கிட்டு வருவே. ஆட்டறதுக்கு உனக்கு வால் வேற இல்லை” என்பான் கிளைக்கொம்பன்.

பூமாயியின் புருஷன் தவசி பன்றிக் கட்சியில் சேர்ந்திருந்தான். ஆள் சிறுசு, ஆனால் நாக்கு பெரிசு. எதிராளியை மடக்க வேண்டும் என்றால் எல்லோரும் அவனைத்தான் முன்னால் தள்ளினார்கள்.

“அந்த மூத்த மான் கீழ்வரிசையைப் படிச்சுதே, அது ஏன் மேல்வரிசையைப் படிக்காம செத்துச்சு? தாகத்துலதானே செத்துச்சு?” என்று தவசி கேட்டால், பன்றிகள் உறுமி உறுமிச் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காகவே அவன் தினமும் போனான்.

பூமாயிக்கு அது பிடிக்கவில்லை.

“ஏங்க, கதை பொய்னு உங்களுக்குத்தான் தெரியுதே. பொய்யான ஒண்ணுக்கு எதுக்குத் தினமும் போயி நிக்கிறீங்க?”

“பொய்னு நிரூபிக்க வேண்டாமா?”

“யாருக்கு?”

“அந்தக் கொம்பனுக்குத்தான்.”

“அவரு ஒத்துக்கிட்டா குழியில தண்ணி ஏறுமா?”

“உனக்கு இதெல்லாம் புரியாது, பூமாயி. குட்டிகளைப் பார்த்துக்கோ” என்று சொல்லிவிட்டுத் தவசி போய்விட்டான்.

அவள் குட்டிகளைப் பார்த்துக்கொண்டாள். அவர்களைப் பார்த்துக்கொண்டே அவனை நினைத்துக் கவலைப்பட்டாள். அவன் திரும்பி வருகிற காலடிச் சத்தம் கேட்கும்வரை அவள் வாயில் போட்ட புல்லை மெல்லவே மாட்டாள்.

ஒருநாள் கிளைக்கொம்பன் கட்சியில் ஒரு பெண்மான் காணாமல் போனது.

“பார்த்தீங்களா? அவ சரியான இலையைக் கண்டுபிடிச்சிருக்கா. யாருக்கும் சொல்லாம ஊத்துக்குப் போயிட்டா” என்றான் கிளைக்கொம்பன். அவன் ஆட்களுக்கு ஒரே சந்தோஷம்.

நாலு நாள் கழித்து, பன்றிக் கட்சியில் ஒரு இளம்பன்றியைக் காணோம்.

“இந்தப் பைத்தியக்காரக் கூட்டம் வேண்டாம்னு நம்ம பய வேற காட்டுக்குக் கிளம்பிட்டான். புத்திசாலி” என்றான் மொட்டைவாலன்.

அதன்பிறகு இன்னொரு மான். பிறகு ஒரு கேளையாடு. ஒவ்வொரு தடவை ஆள் குறையும்போதும் இரண்டு கட்சிக்கும் பலம் கூடியது. போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. ஒருவரைக்கூட யாரும் தேடவில்லை.

ஒருநாள் குட்டிகளை அடர்ந்த புதருக்குள் படுக்கவைத்துவிட்டு, பூமாயியும் தவசியோடு மருதமரத்துக்குப் போனாள்.

போன உடனே அவள் கவனித்தது சத்தத்தை அல்ல, சத்தம் இல்லாததை. மரத்தடியில்தான் பேச்சு. மரத்தின்மேல் ஒன்றுமே இல்லை. எப்போதும் அந்தக் கிளைகளில் ஊஞ்சலாடும் குரங்குகள் எங்கே? கிளிகள் எங்கே? காற்றே இல்லாத அந்த வெயிலில், மேலே இலைகள் ஓரிடத்தில் மட்டும் லேசாக நடுங்கி நின்றன.

“குரங்குகளெல்லாம் எங்கேங்க?” என்று மெல்லக் கேட்டாள்.

“அதுங்களுக்கு வாதம் புரியாது. போயிருக்கும்” என்றான் தவசி.

அவள் கோடுகளைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் ஒருமுறை தவசி அவளைக் கூட்டிவந்து காட்டியிருந்தான். அப்போது மேல்வரிசையில் எட்டுக் கோடுகள். அவள் எண்ணியிருந்தாள். எதையும் எண்ணிப் பார்க்கிற சுபாவம் அவளுக்கு. இப்போது எண்ணினாள். பதினாறு.

மறுபடி எண்ணினாள். பதினாறுதான். புதிதாக இருந்த எட்டும் நாலு நாலாக, பக்கத்தில் பக்கத்தில் இழுத்தவைபோல இருந்தன. பட்டை கிழிந்து உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. ஈரம்கூடக் காயவில்லை.

“கோடு கூடியிருக்கு” என்றாள்.

கூட்டம் அடிமரத்தை நெருங்கிப் பார்த்தது. பிறகு கிளைக்கொம்பன் தொண்டையைச் செருமினான்.

“கூடத்தான் செய்யும். முன்னோர்கள் லேசுப்பட்டவங்களா? பஞ்சம் முத்த முத்த எழுத்து தானா வெளியே வர்ற மாதிரி எழுதிவெச்சிருக்காங்க.”

“அடேயப்பா” என்றான் மொட்டைவாலன். “தானா வருதா? நீங்களே கொம்பால கீறி வெச்சுட்டு, முன்னோர் மேல பழியைப் போடறீங்க. திருட்டு வேலை.”

“யாரைப் பார்த்துத் திருடன்னு சொன்னே?”

“இங்கே கொம்பு வெச்சிருக்கிறது யாரோ, அவரைப் பார்த்து.”

அவ்வளவுதான். வாதம் புதிதாகப் பற்றிக்கொண்டது. தவசி கண்கள் பளபளக்க நடுவில் புகுந்தான். பூமாயி அவனுடைய தோளை மூக்கால் தள்ளிப் பார்த்தாள். அவன் திரும்பவில்லை. குட்டிகள் தனியாக இருக்கின்றனவே என்ற பதைப்பில் அவள் மட்டும் கிளம்பினாள்.

வழியில் ஒரு பள்ளம். அதன் அக்கரையில் பட்டுப்போன ஒரு கட்டையின் அருகே காட்டுப்பூனை ஒன்று பின்கால்களில் நின்றுகொண்டு, முன்கால்களால் கட்டையைப் பரக் பரக் என்று கீறிக்கொண்டிருந்தது. பூமாயி நின்றுவிட்டாள். வளர்ந்த சருகுமானைப் பூனை வேட்டையாடாது. ஆனால் குட்டி கிடைத்தால் விடாது. அவள் அதோடு ஒருநாளும் பேசியதில்லை.

கட்டையில் நாலு நாலாகக் கோடுகள் விழுந்திருந்தன.

“நீ என்ன எழுதறே?” என்று இக்கரையிலிருந்தே கேட்டாள்.

பூனை திரும்பிப் பார்த்தது. “எழுதறேனா?”

“அந்தக் கோடு.”

“நகத்தைத் தீட்டறேன், தாயி. குளம்புக்காரங்களுக்கு இது எங்கே தெரியப்போகுது? நகம் இருக்கிறவ தீட்டாம இருக்க முடியாது. பழைய தோல் உரியும், முனை கூர்மையாகும், என் இடம் இதுன்னு மத்தவங்களுக்கும் தெரியும்.” பூனை தன் பாதத்தை நக்கிக்கொண்டது. “உன் குட்டிங்க எங்கே?”

“சொல்ல மாட்டேன்.”

“பரவாயில்லை. சும்மா கேட்டேன்.”

பூமாயி தன் காலையே பார்த்தாள். இரண்டாகப் பிளந்த சின்னக் குளம்பு. கிளைக்கொம்பனுக்கும் குளம்புதான். மொட்டைவாலனுக்கும் குளம்புதான். மருதமரத்தடியில் கூடிய அத்தனை பேருக்கும் குளம்புதான். ஒரு மரத்தைக் கீறுவது என்றால் எழுதுவதற்காகத்தான் கீறுவார்கள் என்று தலைமுறை தலைமுறையாக நினைத்துவிட்டார்கள்.

“மருதமரத்துல இருக்கிற கோடு?” என்று கேட்டாள்.

“பழைய கோடெல்லாம் உங்க பாட்டன் காலத்துச் சிறுத்தை போட்டது. அது போய்ச் சேர்ந்துடுச்சு. இந்த வருஷம் மேற்கு மலையில தண்ணி இல்லாம புதுசா ஒண்ணு இறங்கியிருக்கு. அதுக்கும் அந்த மரந்தான் பிடிச்சிருக்கு. ஏன் பிடிக்காது? இரை தன்னால நடந்து வந்து கீழே நிக்குது. மேலேயும் பார்க்கிறதில்லை. நான் அந்தப் பக்கமே போறதில்லை.”

“எங்ககிட்ட ஏன் யாரும் சொல்லலை?”

“நீங்க யாரும் கேட்கலையே. நீங்க கேட்டதெல்லாம் ஊத்தைப் பத்தித்தான்.”

பூமாயி ஓடினாள். புதர் கிழித்தது, கல் இடறியது. அவள் நிற்கவில்லை. மருதமரத்தடிக்கு வந்தபோது அந்தி வெயில் அடிமரத்தில் சிவப்பாக விழுந்திருந்தது. தவசி எல்லோருக்கும் நடுவில், மரத்தை ஒட்டி நின்று பேசிக்கொண்டிருந்தான். மேலே இலைகள் நடுங்கிய இடம் இப்போது இன்னும் தாழ்வாக இருந்தது.

“அது எழுத்து இல்லை. சிறுத்தை நகம் தீட்டின கோடு” என்றாள் பூமாயி மூச்சு வாங்க. “காணாம போனவங்க யாரும் ஊத்துக்குப் போகலை. வேற காட்டுக்கும் போகலை. எல்லாரும் வாங்க, போயிடலாம்.”

முதலில் சத்தம் போட்டது மொட்டைவாலன்தான்.

“கேட்டீங்களா? நகக்கோடு! அப்போ எழுத்தே இல்லை, ஊத்தே இல்லை. நாங்க சொன்னதுதான் சரி!”

“ஏன், முன்னோர்கள் ஒரு சிறுத்தையை வெச்சு எழுதவெச்சிருக்கக் கூடாதா?” என்றான் கிளைக்கொம்பன். “மறைமொழின்னா அப்படித்தான். நம்ப முடியாத ஆளை வெச்சுத்தான் எழுதுவாங்க.”

“சிறுத்தை சொன்ன பேச்சைக் கேட்டு வரிசையா எழுதுமா?”

“எழுதாதுன்னு நீ பார்த்தியா?”

யாருடைய காலும் ஓர் அடிகூட நகரவில்லை. சிறுத்தை என்ற சொல்லை எல்லோரும் சொன்னார்கள். சொன்ன வேகத்தில் அதையும் வாதத்துக்குள் போட்டுக்கொண்டார்கள். பூமாயி தவசியின் காதைப் பல்லால் கவ்வி இழுத்தாள்.

“வாங்க. உங்க காலைப் பிடிக்கறேன், வாங்க.”

“விடு, பூமாயி. எத்தனை நாள் வாதம் இது! இப்பத்தான் ஜெயிக்கிறோம்.”

“ஜெயிச்சாச்சு. வீட்டுக்கு வாங்க.”

“அவன் இன்னும் ஒத்துக்கலையே. ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு வந்துடறேன். நீ முன்னால போ.”

அவன் காதை உதறிக்கொண்டு கிளைக்கொம்பன் பக்கம் திரும்பினான். “பெரியவரே, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க” என்று ஆரம்பித்தான்.

புள்ளி விழுந்த நிழல் ஒன்று அடிமரத்தில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. கிளை முறியவில்லை, சருகுகூடச் சத்தம் போடவில்லை. தவசியின் கேள்வி பாதியில் நின்றது. எல்லோரும் நாலு திசையிலும் சிதறி ஓடினார்கள். அவர்கள் திரும்பிப் பார்த்தபோது மரத்தடியில் பிய்ந்த இலைகள் மட்டும் கிடந்தன.

தவசி சொன்னதுதான் சரி. கதை பொய்தான். அதைச் சரியாகச் சொன்னவனைத்தான் சிறுத்தை தூக்கிக்கொண்டு போனது.

பூமாயி அழக்கூட நிற்கவில்லை. குட்டிகளை எழுப்பி, ஆற்று மணலைத் தாண்டி அக்கரை மேட்டில் ஒரு கருவேலம் புதருக்குள் ஒளித்துவைத்தாள். மறுநாள் வெயில் சாய்ந்ததும் மருதமரத்துப் பக்கமிருந்து காற்றில் பேச்சுக் குரல் வந்தது. அவளால் நம்ப முடியவில்லை. காதை விறைத்துக்கொண்டு கேட்டாள்.

“தவசி தோத்துட்டான். அதான் தலையைத் தூக்க முடியாம ஓடிட்டான்” என்றது ஒரு குரல்.

“தவசி ஜெயிச்சுட்டான். பேச இனி ஒண்ணும் இல்லைன்னு போயிட்டான்” என்றது இன்னொரு குரல்.

“அவனைச் சிறுத்தை தூக்கினதை நாமதானே பார்த்தோம்?” என்று ஒரு சின்னக் குரல் கேட்டது.

“நீ பார்த்தது சிறுத்தைன்னு என்ன நிச்சயம்?” என்று இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் பதில் வந்தது.

அடுத்தடுத்த நாட்களில் குரல்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. பன்றிகளின் சிரிப்பு முதலில் நின்றது. பிறகு கிளைக்கொம்பனின் செருமல் கேட்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு குரல் மிஞ்சியது. யாருடையது என்று பூமாயிக்கு அடையாளம் தெரியவில்லை. அது உண்மை என்று ஒரு தடவையும், பொய் என்று ஒரு தடவையும் தனக்குத் தானே மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் வெயில் சாய்ந்தபோது அந்தக் குரலும் இல்லை. பரக் பரக் என்று மரத்தைக் கீறும் சத்தம் மட்டும் ஆற்றைத் தாண்டி நிதானமாக வந்தது.

ஆகவே பிள்ளைகளே, ஒரு கதை மெய்யா பொய்யா என்று வாதாடத் தொடங்கும் முன், நாம் எந்த இடத்தில் நின்று வாதாடுகிறோம் என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.