‘நான் பார்த்தேன்’ என்ற சேனாதிபதி

மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே, நமக்கெல்லாம் வெகுகாலம் முந்தி, ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அதை ஆண்ட ராஜா நல்லவர்தான், ஆனால் அவர் கதை நமக்கு வேண்டாம். அவருடைய சேனாதிபதி விடங்கன் கதையைச் சொல்கிறேன். நடுவில் யாரும் எழுந்து போகக்கூடாது. போனால் திரும்ப முதலிலிருந்து சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். போரில் மாண்ட வீரனுக்கு ஊர் எல்லையில் கல் நடுவார்கள். ஆனால் சும்மா நட்டுவிட முடியாது. படையை நடத்தியவன் நேரில் வந்து, கல்லுக்கு ஒரு குடம் நீர் ஊற்றி, “நான் பார்த்தேன்” என்று சாட்சி சொல்ல வேண்டும். செத்தவனின் தாயோ மனைவியோ அவனிடம் மூன்று கேள்விகள் கேட்பாள். பசியோடு போனானா? எந்தப் பக்கம் பார்த்து விழுந்தான்? கடைசியாக என்ன சொன்னான்?

மூன்றுக்கும் பதில் வந்தால் கல் நிற்கும். சாட்சி இல்லையென்றால் கல்லைச் சாய்த்துவிடுவார்கள். அப்புறம் அந்த வீட்டுக்கு ‘ஓடிப்போனவன் வீடு’ என்றுதான் பேர். பேரன் காலம் வரைக்கும் அந்தப் பேர் போகாது.

விடங்கன் முதலில் சின்னப் படைத்தலைவன். கால்நடையாகப் போர் செய்தவன். அவன் சாட்சி சொன்னால் கேட்கிறவர்கள் கண் கலங்கிவிடும்.

“பசியோடு போகவில்லை அம்மா. காலையில் கம்மங்கூழ் குடித்தான், நான்தான் ஊற்றினேன். கிழக்கே பார்த்து விழுந்தான். ‘கிணற்று மேட்டில் மாட்டைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன், யாராவது அவிழ்த்துவிடுங்கள்’ என்றான்” என்பான். அந்த மனைவி அழுகையும் சிரிப்புமாக, “அவர்தான், அவரேதான்” என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

தெரியாவிட்டால் தெரியாது என்பான். பார்த்தவன் எவனென்று தேடிப் பிடித்து, கையோடு கூட்டி வந்து நிறுத்துவான். “விடங்கன் வாய் பொய் சொல்லாது” என்று நாடு முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சுதான் அவனை ராஜாவின் காதுவரை கொண்டுபோயிற்று.

ஒரு போர் முடிந்தது, விடங்கனுக்குக் குதிரை கிடைத்தது. இன்னொரு போர் முடிந்தது, யானை கிடைத்தது. மூன்றாவது முடிந்தபோது சேனாதிபதிப் பட்டமும் பொற்பிடி வாளும், குன்றின் மேல் பட்டுக் கூடாரமும் கிடைத்தன. நடந்தபோது முகங்களைப் பார்த்தான். குதிரையிலிருந்து தலைகளைப் பார்த்தான். குன்றிலிருந்து புழுதியைப் பார்த்தான். புழுதிக்குப் பேர் உண்டா, ஊர் உண்டா?

ஆனால் கல்லுக்கு நீர் ஊற்ற அவன்தானே போகவேண்டும்! ஒரு நாள் ஒரு தாய் மூன்றாவது கேள்வியைக் கேட்டாள். அவள் பிள்ளை யாரென்றே விடங்கனுக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. பொற்பிடி வாள் இடுப்பில் தொங்கும்போது எப்படிச் சொல்வது?

“‘அம்மா’ என்றான்” என்று சொல்லிவிட்டான்.

அவள் அப்படியே காலில் விழுந்தாள். விடங்கனுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு, ‘பொய்யா சொன்னேன்? ஆறுதல்தானே சொன்னேன்’ என்று மனசைத் தட்டிக் கொடுத்துக்கொண்டான். நம் மனசு இருக்கிறதே, தட்டிக் கொடுத்தால் உடனே தூங்கிவிடும். அடுத்த ஊரிலும் அதையே சொன்னான். அதற்கடுத்த ஊரிலும் அதையே சொன்னான். வயிறார உண்டான், பகைவனைப் பார்த்து விழுந்தான், ‘அம்மா’ என்றான். பதில் ஒன்றேதான், ஊர்தான் வேறு. மதியச் சாப்பாட்டுக்குள் எத்தனை கல் வேண்டுமானாலும் முடித்துவிடலாம்.

பிறகு ஆற்றங்கரைப் போர் வந்தது. அது பெரிய போர், பெரிய வெற்றி. மலையில் மழை பெய்து ஆற்றில் வெள்ளம் வர, பகைவன் தானே திரும்பிப் போனான் என்பது வேறு விஷயம். வெற்றி விடங்கனுடையதாயிற்று. கல் நடும் சடங்கைப் பார்க்க இந்தத் தடவை ராஜாவே வந்தார்.

ஆற்றோரத்து ஊர் அது. வரிசையாகக் கற்கள் நின்றன. கடைசியில், மற்றவற்றிலிருந்து தள்ளி, ஒரு சின்னக் கல். அதன் பக்கத்தில் சிறுநங்கை என்கிற கிழவி நின்றாள். கணவன் இல்லை, வேறு பிள்ளையும் இல்லை. ஒரே மகன் குன்றன், அவனும் போய்விட்டான்.

அந்தக் கல்லை ஊரார் தள்ளி வைத்ததற்குக் காரணம் உண்டு. குன்றனின் உடல் போர்க்களத்தில் கிடைக்கவில்லை. களத்தைவிட்டு வெகுதூரம் தள்ளி, குன்றுச் சரிவில் கிடந்தது. அம்பு முதுகில் இருந்தது. “ஓடியிருக்கிறான்” என்று ஊர் முணுமுணுத்தது. இனிக் கிழவியின் நம்பிக்கை சேனாதிபதியின் வாயில்தான் இருந்தது.

விடங்கனுக்கு இதெல்லாம் தெரியாது. வரிசையை முடித்துக்கொண்டு வந்தான். குடத்தைச் சாய்த்தான். “நான் பார்த்தேன்” என்றான்.

“பசியோடு போனானா ஐயா?”

“இல்லை தாயே. வயிறார உண்டான்.”

“எந்தப் பக்கம் பார்த்து விழுந்தான்?”

“பகைவனைப் பார்த்து.”

ஊரார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சேனாதிபதியே சொல்லிவிட்டார், இனி மறுபேச்சு ஏது? கிழவியின் கண்ணில் நீர் நிறைந்தது.

“கடைசியாக என்ன சொன்னான்?”

“‘அம்மா’ என்றான்.”

காலில் விழுவாள் என்று விடங்கன் காலை ஒரு எட்டுப் பின்னே வைத்தான். எல்லாரும் விழுவார்களே! ஆனால் கிழவி நின்றபடியே நின்றாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் கல் நிற்கும், மகன் பேர் நிற்கும். அது அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

“ஐயா, என் மகன் பிறவியிலேயே ஊமை” என்றாள். “காது கேட்கும், பேச்சு வராது. ஒரு தடவையாவது ‘அம்மா’ என்பானா என்று இருபது வருஷம் காத்திருந்தேன். நீங்கள் சொன்னதை நம்பத்தான் ஆசை. முடியவில்லையே, நான் என்ன செய்ய?”

வரிசையில் ஒருத்தி திரும்பினாள். “என் பிள்ளையும் ‘அம்மா’ என்றான் என்றீர்களே?” என்றாள். “என் வீட்டுக்காரரும் அதைத்தான் சொன்னாராம்” என்றாள் இன்னொருத்தி. “அடப்பாவி, எங்கள் ஊரிலும் இதே கதைதான்!” என்று கூட்டத்தில் ஒரு குரல் வந்தது.

ராஜா முகம் சுருங்கியது. “சேனாதிபதி, என்ன இது?” என்றார்.

விடங்கன் வணங்கினான். “அரசே, மாண்டவர்கள் ஏராளம். ஆள் மாறிப்போயிற்று. இவனை நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.”

ராஜாவுக்கும் அது போதுமாக இருந்தது. வெற்றி கண்ட சேனாதிபதியை யார் நோண்டுவார்கள்? “சரி, போகட்டும். சாட்சி இல்லாத கல்லைச் சாய்த்துவிடுங்கள்” என்றார். ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள்.

“கொஞ்சம் பொறுங்கள். அவனைக் கூப்பிட்டுக்கொண்டு போகிறேன்” என்றாள் கிழவி. மகனை அவள் எப்போதும் கூப்பிடுவதும், மகன் அவளைக் கூப்பிடுவதும் ஒரே மாதிரிதான். கல்லைப் பார்த்துத் தன் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினாள். கையை முன்னே நீட்டினாள். விரல்களை உள்ளே மடக்கினாள். வா.

விடங்கன் ஒரு எட்டு முன்னே வந்தான். இந்தக் கையசைவை அவன் பார்த்திருக்கிறான்! போர் நாளில் கூடாரத்தில் அவனோடு உட்கார்ந்து சொக்கட்டான் காய் உருட்டிய தோழர்கள் பின்னால் நின்று தரையைப் பார்த்தார்கள். அவர்கள் பேசமாட்டார்கள். அவனும் பேசாமல் இருந்தால் கல் சாயும், சேனாதிபதிப் பட்டம் நிற்கும். கடப்பாரை கல்லின் அடியில் இறங்கியது.

“நிறுத்துங்கள்” என்றான். “நான் பார்த்தேன்.”

“மறுபடியுமா!” என்று கூட்டம் கத்தியது. விடங்கன் வாளைக் கழற்றிக் கீழே வைத்தான். கிழவிக்கு முன்னால் போய் நின்றான்.

“இன்னொரு தடவை கேள் அம்மா” என்றான். குரல் பழைய விடங்கனுடையது.

“பசியோடு போனானா?”

“தெரியாது அம்மா.”

“எந்தப் பக்கம் பார்த்து விழுந்தான்?”

“என்னைப் பார்த்து. கீழே ஆற்றங்கரையில் நம் படை உடைந்துகொண்டிருந்தது. குன்றின் மேல் புதுப்படை என் கட்டளைக்காகக் காத்திருந்தது. நான் கூடாரத்தில் சொக்கட்டான் ஆடிக்கொண்டிருந்தேன். உன் மகன் ஏறி வந்து, நீ செய்த மாதிரியே நெஞ்சைத் தட்டிக் கையால் கூப்பிட்டான். குடிகாரன், துரத்துங்கள் என்றேன். மறுபடி வந்தான், தள்ளிவிடச் சொன்னேன். மூன்றாம் தடவை முதுகில் அம்போடு தவழ்ந்து வந்தான். நான் ஆட்டத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன்.”

கிழவி கல்லைப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் மூன்றாவது கேள்வியையும் கேட்டாள்.

“கடைசியாக என்ன சொன்னான்?”

“‘வா’ என்றான் அம்மா. நான் போகவில்லை.”

கடப்பாரையை எடுத்துவிட்டார்கள். ஊரார் அந்தச் சின்னக் கல்லைத் தூக்கிப்போய் வரிசையின் முதலில் நட்டார்கள். கிழவி அதைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். விடங்கன் பக்கம் அவள் திரும்பவே இல்லை. திரும்ப வேண்டும் என்று என்ன இருக்கிறது?

ராஜா வாளை எடுத்துக்கொண்டார், பட்டத்தை எடுத்துக்கொண்டார். “உன் உயிரை எடுக்கப்போவதில்லை” என்றார். “நீ பொய்ச் சாட்சி சொன்ன ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்து போ. ‘நான் பார்க்கவில்லை’ என்று சொல். அவர்கள் ஆளைப் பார்த்தவன் எவனாவது இருந்தால் தேடிக் கூட்டி வந்து நிறுத்து.”

விடங்கன் நடந்தான். சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். சில வீடுகளில் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். ஒரு வீட்டில் ஒரு தாய், “அந்த ‘அம்மா’வை மட்டுமாவது எனக்கு விட்டுவைத்திருக்கக் கூடாதா?” என்று கேட்டாள். விடங்கன் அடுத்த ஊருக்கு நடந்தான். மறுபடி முகங்களைப் பார்க்கும் உயரத்துக்கு வந்துவிட்டான். என்ன, கொஞ்சம் தாமதம்.

கதை இவ்வளவுதான், இனி எழுந்து போகலாம். ஆனால் இதை மட்டும் கையோடு கொண்டுபோங்கள்: காணாததைக் கண்டேன் என்று சொல்லிப் பழகியவன், கண்ணெதிரே வந்து கூப்பிடுகிறவனையும் காணாமல் போவான்.