ஒற்றை வேப்பிலை

எந்த நாடு, எந்த ராஜா என்று கேட்டுவிடாதீர்கள், எனக்கும் தெரியாது. முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்கு யானைப் பந்தயப் பித்துப் பிடித்தது. ஊர்ப் பெரிய ஏரியைத் தூர்த்துப் பந்தயத் திடலாக்க ஆசைப்பட்டார். ஏரி போனால் அதை நம்பியிருந்த ஆயிரம் குடும்பத்து வயலும் போகும். ஆனால் நியாயவான் என்று பெயரெடுக்கும் ஆசையும் அவருக்கு இருந்ததே! சபையிலுள்ள இருபத்தொரு பேரும் ரகசியமாக வாக்களிக்கட்டும் என்றார்.

திரைக்குப் பின்னால் ஒரு பானை. பக்கத்தில் மாவிலைக் குவியல், வேப்பிலைக் குவியல். சம்மதமென்றால் மாவிலை, மறுப்பென்றால் வேப்பிலை. ஒவ்வொருவராக உள்ளே போய் ஓர் இலையைப் பானையில் போட வேண்டும். யார் எதைப் போட்டார் என்று யாரும் பார்க்கமாட்டார்கள் என ராஜா வாக்குக் கொடுத்தார்.

பானையைக் கவிழ்த்தார்கள். இருபது மாவிலை, ஒரே ஒரு வேப்பிலை.

அது விகடகவி பிச்சாண்டி போட்டது. ஏரி பாழாவதை நினைத்து அவனுக்கு வயிறு எரிந்தது, போட்டுவிட்டான். மற்றவர்களுக்கும் அந்த ஏரிப் பாசனத்தில்தான் நிலம். ஆனால் திரைக்கும் கண் இருக்குமோ என்று பயந்துவிட்டார்கள்.

ராஜாவின் முகம் சுருங்கியது. "யாரது?" என்றார்.

பிச்சாண்டி மேல் வெகுநாளாகக் கறுவிக்கொண்டிருந்த மந்திரி மழவராயர் எழுந்தார். "பிரபு, தாங்கள் கொடுத்த வாக்கு மீறப்படலாகாது. வேப்பிலை போட்டவரே தம் வாயால் ஒப்புக்கொள்ளும்படி பிச்சாண்டி செய்யட்டும். நாளைக் காலைக்குள் முடியாவிட்டால் அவனே குற்றவாளி. நாடு கடத்திவிடலாம்."

"அப்படியே ஆகட்டும்."

நல்ல பொறிதான். ஒப்புக்கொண்டாலும் போக வேண்டும், ஒப்புக்கொள்ளாவிட்டாலும் போக வேண்டும். ஆனால் இந்தச் சபையைப் பிச்சாண்டிக்குப் பதினைந்து வருஷமாகத் தெரியும். நேரே ஆஸ்தானப் புலவர் திருமேனியாரிடம் போனான்.

"புலவரே, உம்மிடம் மட்டும் சொல்கிறேன். இருபத்தொரு பேரில் ராஜா முகத்துக்கு அஞ்சாமல் வேப்பிலை போட்டவர் ஒருவர்தான். என்னைக் கேட்டால் அவருக்கு ஒரு கிராமமே கொடுக்கலாம். வெளியே சொல்லிவிடாதீர்."

"நான் சொல்வேனா?" என்ற புலவர் தெருமுனை தாண்டுமுன் சேனாதிபதியிடம் சொல்லிவிட்டார். அது பொக்கிஷதாரிடம் போனபோது, கிராமத்தை ராஜாவே கொடுக்கிறாராம் என்றாகியிருந்தது. மழவராயர் காதுக்கு எட்டும்போது இரண்டு கிராமமும் ஒரு பல்லக்கும்.

காலையில் சபை கூடியது. "வேப்பிலை போட்டவர் முன்னே வரலாம்" என்றான் பிச்சாண்டி.

"அடியேன்தான்!" என்று புலவர் எழுந்தார்.

"பொய்! அது என் இலை" என்றார் சேனாதிபதி. எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு மழவராயர் முன்னே வந்து, "பிரபு, அந்த இலையைக் காம்பு கிள்ளிப் போட்டதே நான்தான்!" என்றார். எண்ணிப் பார்த்தால் இருபது பேர் நின்றார்கள்.

"மகாராஜா, வேப்பிலை போட்டவர் வாயாலேயே ஒப்புக்கொள்ளச் செய்யும்படி உத்தரவு. ஒப்புக்கொண்டுவிட்டார்கள். தண்டித்தால் சபையே காலி. வரிசை நீளமாக இருக்கிறதே என்று நான் மட்டும்தான் நிற்கவில்லை."

ராஜா திகைத்தார். "அப்படியானால் நேற்றைய மாவிலைகள்?"

"ஏரியைப் பார்த்துப் போட்டவை அல்ல, தங்கள் முகத்தைப் பார்த்துப் போட்டவை. இனி எந்த இலைக்கும் பெயர் கேட்கமாட்டேன், பரிசும் இல்லை, தண்டனையும் இல்லை என்று சொல்லி மறுபடி போடச் சொல்லுங்கள்."

ராஜா கிரீடத்தின் மேல் ஆணையிட்டார். பானை மறுபடி கவிழ்ந்தது. இருபது வேப்பிலை, ஒரே ஒரு மாவிலை. ஏரி பிழைத்தது.

பிச்சாண்டி பக்கம் சேர மனமில்லாத மழவராயரின் நெற்றி வியர்த்துக் கொட்டியது. ராஜாவின் பார்வை அங்கே திரும்பியது. "அந்த ஒற்றை மாவிலை..." என்று தொடங்கினார்.

"கேட்காதீர்கள், மகாராஜா!" பிச்சாண்டி குறுக்கே வந்து நின்றான். "இன்று ஒருவரைக் கேட்டால், அடுத்த தடவை பானையில் இருபத்தொன்றும் மாவிலையாகத்தான் இருக்கும்."

"உன் பகைவனுக்குமா திரை பிடிக்கிறாய்?"

"ஆள் பார்த்துப் பிடித்தால் அது திரையா, பிரபு?"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். சபை கலைந்த பிறகு, வாசலில் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, மழவராயர் பிச்சாண்டியைக் கையெடுத்துக் கும்பிட்டார்.