ராஜமாம்பழத்துக்கு ஒரு வால்

ரொம்பக் காலத்துக்கு முன்னால், தேன்குன்றம் என்ற நாட்டை மழவராயர் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். அந்தக் காலத்தில் இணையதளம் ஏது என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். என் கதையில் இருந்தது.

ராணி காலமான பிறகு ராஜா யாரிடமும் மனம் விட்டுப் பேசுவதில்லை. சாயங்காலமானால் மந்திரி சேந்தரோடு சொக்கட்டான் ஆடுவார், அவ்வளவுதான். சேந்தருக்கும் மனைவி இல்லை, மக்கள் இல்லை. அந்த ஒரு சாயங்காலத்துக்காகத்தான் மனிதர் காலையில் எழுந்திருப்பார். ஆனாலும் ஆட்டத்தில் ஒருநாளும் விட்டுக்கொடுக்க மாட்டார். ராஜா தோற்றுக் காயை எறிவார், மறுநாளும் கூப்பிடுவார்.

அந்த வருஷம் அரண்மனைத் தோப்பில் மாம்பழம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. உலகத்துக்கே விற்கலாம் என்று 'ராஜமாம்பழம்' என்ற பெயரில் தளம் தயாரானது. தளத்தின் முகவரியில் புள்ளிக்குப் பின்னால் என்ன வால் வைப்பது என்பதில் வந்தது வம்பு.

"காம் என்று கண்டவனும் வைத்திருக்கிறான், பிரபு!" என்றான் குணபூஷணன். சபையில் ராஜாவைப் புகழ்வது ஒன்றுதான் அவன் உத்தியோகம். சேந்தரைக் கண்டால் அவனுக்கு வயிறு எரியும். "தங்களுக்கென்றே ஒரு வால் செய்யச் சொல்லியிருக்கிறேன். ராஜமாம்பழம் புள்ளி ராஜாதிராஜன்! உலகத்திலேயே அந்த வால் தங்கள் ஒருவருக்குத்தான்."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சேந்தர் சும்மா இருந்திருக்கலாம். இருப்பாரா?

"மகாராஜா, ஒரே ஒரு வீடு இருக்கிற தெருவில் கடை போட்டால் ஈ கூட எட்டிப்பார்க்காது."

ராஜாவின் முகம் கறுத்தது. "என்னைத் தனிமரம் என்று குத்திக்காட்டுகிறீரா? எழுந்து போம்! இன்றோடு உமக்கு மந்திரி வேலை இல்லை."

தேன்குன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேலை போன மந்திரி, ராஜா தாமாகப் பெயர் சொல்லி அழைக்கும்வரை அவரிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. எழுதவும் கூடாது. சேந்தர் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனார். போனவர் முதல் காரியமாக, வேறு யாரும் தட்டிக்கொண்டு போகாமல் இருக்க, ராஜமாம்பழம் புள்ளி காம் என்ற பெயரை ராஜாவின் பேரிலேயே பதிந்து வைத்தார்.

அப்புறம் அந்த வீட்டில் பேச ஆளே இல்லை. சோறு வடித்தால் பாதி மிஞ்சும். சாயங்காலம் காய்களை எடுத்து இரண்டு பக்கமும் தாமே ஆடிப் பார்த்தார். யார் ஜெயித்தாலும் சந்தோஷமில்லை.

நாலாம் நாள், அவர் பதிந்து வைத்த முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது. "இரண்டு கூடை வேண்டும்." காம் என்று தட்டிவிட்டு வந்தவர் யாரோ. அடுத்த நாள் இருபது பேர். "பொறுங்கள், பழம் வரும்" என்று ஒவ்வொருவருக்கும் பதில் போட்டார். முகம் தெரியாதவர்கள்தான், ஆனாலும் யாரோ கேட்கிறார்கள், தாம் பதில் சொல்கிறோம். அது போதுமாக இருந்தது. ஒருநாள் மத்தியானம் மட்டும் கையெழுத்தில்லாத ஒரு கடிதத்தைப் பார்த்து ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். அதற்குப் பதில் எழுதினார், அனுப்பவில்லை.

அங்கே அரண்மனையில் ஒரு பழம் விற்கவில்லை. கிடங்கெல்லாம் அழுகல் வாடை. "காரணம் சொல்பவர் யாராயிருந்தாலும் சபைக்கு வரலாம்" என்று தண்டோரா போட்டார்கள். சேந்தர் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்து நின்றார். வாய் திறக்கவில்லை.

"ஊமையாகிவிட்டாரோ?" என்று கேலி செய்தான் குணபூஷணன்.

சேந்தர் சபையிலிருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு நீட்டினார். 'ராஜமாம்பழம் எங்கே வாங்குவது? முகவரியைச் சட்டென்று எழுதவும்' என்று மேலே இருந்தது. ராஜாவைத் தாண்டிப் போகும்போது தயங்கினார். ராஜாவே கையை நீட்டி ஒன்றைப் பிடுங்கிக்கொண்டார், எழுதினார், எழுதியதைப் பார்த்ததும் சீட்டைக் கசக்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

சேவகன் மற்றவற்றைப் படித்தான். "புள்ளி காம். புள்ளி காம். இதுவும் காம்…" கடைசிச் சீட்டு குணபூஷணனுடையது. அதிலும் காம்!

சபை கொல்லென்று சிரித்தது. குணபூஷணனுக்கு வேர்த்து ஊற்றியது. "கை… கை பழக்கத்தில் எழுதிவிட்டது, பிரபு!"

"வாங்க வருகிறவனுக்கும் அதே கைதானே ஐயா இருக்கும்!" என்றார் ராஜா. பிறகு திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "பேசும், சேந்தரே."

"முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் காத்திருக்கிறார்கள், மகாராஜா. தங்கள் பேரில்தான் பதிந்திருக்கிறேன்" என்று கடிதக் கட்டைக் கொடுத்தார் சேந்தர்.

"குணபூஷணா, தோப்பில் புதுப்பழம் பறித்து அத்தனை கூடையையும் நீயே உன் கையால் கட்டி அனுப்பு. ஒவ்வொன்றிலும் முகவரியை ஒழுங்காக எழுது" என்றார் ராஜா. சேந்தருக்கு மந்திரி மோதிரம் திரும்பி வந்தது.

சபை கலைந்த பிறகு ராஜா கட்டைப் புரட்டினார். கடைசிக் காகிதத்தில் ஒரே வரி. *யாராவது இருக்கிறீர்களா?*

"யாருமே வரவில்லையே, தளம் திறக்கிறதா பார்ப்போம் என்று நானே தட்டினேன்" என்றார் ராஜா. கசங்கிய சீட்டை விரித்துக் காட்டினார். அதிலும் காம்தான். "என் கையும் பழக்கத்தில் போய்விட்டது. அது நான் என்று உமக்கு எப்படித் தெரியும்?"

"மாம்பழம் கேட்காத கடிதம் அது ஒன்றுதான், மகாராஜா."

"பதில் போட்டிருக்கலாமே ஐயா."

"நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லையே. எழுதி மட்டும் வைத்தேன்."

"என்ன எழுதினீர்?"

"இருக்கிறேன் என்று."

ராஜா மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்குச் சாயங்காலம் சொக்கட்டானில் வரிசையாக ஏழு ஆட்டம் தோற்றார். ஒரு காயைக்கூட எறியவில்லையாம்.