ஏழாவது பெல்ட்

“தோழர், ஏழு பெல்ட்டுமா மோசம்?” என்று கேட்டார் உச்சிமாகாளி.

கோமதிநாயகம் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்.  என்ஜினுக்குள் ஃபேன் பெல்ட் கத்திக்கொண்டிருந்தது.

“ஒருவேளை கோளாறு பெல்ட்டிலே இல்லாம...”

“நிறுத்தும்.”

உச்சிமாகாளி நிறுத்தினார்.

“நான் நீக்கின அத்தனை பேரும் இப்படித்தான் ‘ஒருவேளை’ன்னு ஆரம்பிச்சாங்க. இப்போ நீரும் ஆரம்பிச்சிட்டீரு. நாலு மணி பஸ்ஸிலே ஏறி நீரு உம்ம தங்கச்சி ஊருக்குப் போயிரும்.”

“தோழர்...”

“இனிமே அப்படிக் கூப்பிடாதேயும்.”

உச்சிமாகாளிக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்தாறு வருஷமாக அந்த வண்டியில் இருக்கிறார். தங்கச்சி ஊரில் அவருக்குத் தங்கச்சி வீடு உண்டு. தன் வீடு என்றால் இந்த வண்டிதான்.

அது பழைய வேன். உள்ளே படுக்க இரண்டு பலகை, மண்ணெண்ணெய் அடுப்பு, தண்ணீர் டிரம். கூரைமேல் ஒலிபெருக்கி. மீதி இடமெல்லாம் துண்டறிக்கைக் கட்டுகள். தீப்பெட்டித் தொழிலாளர் சங்கம் உயிரோடு இருந்த காலத்தில், ஊர் ஊராகப் போய்த் தங்கி வகுப்பெடுப்பதற்காக வாங்கியது. வகுப்பெடுத்தவர் கோமதிநாயகம். எல்லோருக்கும் அவர் ஆசான்.

அவரிடம் முழுதாகப் படித்தவர்கள் நாற்பது பேர். நாலு பேரை முதலாளிகள் விலைக்கு வாங்கினார்கள். முப்பத்தைந்து பேரை ஆசானே நீக்கினார்.

மிச்சம் ஒருவர்.

கயத்தாறு தாண்டி என்ஜின் கொதித்தது. ஒரு தகரக் கொட்டகை ஒர்க்‌ஷாப் முன்னால் வண்டி நின்றது. டிராக்டருக்கு அடியிலிருந்து ஒரு பெண் வெளியே வந்தார். பெயர் இசக்கியம்மாள். நாற்பது வயது இருக்கும். கையைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

“நீங்க வர்ற சத்தம் ஒரு மைலுக்கு முன்னாடியே கேட்டுச்சு அண்ணாச்சி.”

“பெல்ட்தான். புதுசு ஒண்ணு போடு தாயி. நல்லதாப் பார்த்துப் போடு. இப்போ செய்யிறதெல்லாம் ஏமாத்து.”

இசக்கியம்மாள் என்ஜின் மூடியைத் தூக்கினார். சூடு தணியும்வரை காத்திருந்தார். பிறகு பெல்ட்டை ஒரு விரலால் தடவி, விரலை முகர்ந்து பார்த்தார்.

“சோப்பு போட்டீகளா?”

“துணிச் சோப்பு. கத்துறப்போ லேசாத் தேச்சு விடுவேன். சத்தம் நின்னுரும்.”

“ஆமா” என்றார் இசக்கியம்மாள். “சத்தம் நின்னுரும்.”

கோமதிநாயகம் குனிந்து உள்ளே கை காட்டினார்.

“அந்த இரும்புப் பட்டை தெரியுதா? டைனமோவைத் தாங்குதே, அது. விளாத்திகுளம் ஊர்வலத்தன்னைக்கு நடுரோட்டிலே முறிஞ்சுபோச்சு. மைக் ஸ்டாண்டை அறுத்து நானே செஞ்சு மாட்டினேன். போல்ட் நீளமா இருந்தது. பட்டைக்கு உள்பக்கம் ஒரு வாஷர் கொடுத்தேன். ஆறு மணிக் கூட்டத்துக்கு அஞ்சே முக்காலுக்குப் போய் நின்னோம். ஒரு மெக்கானிக்கும் தேவைப்படலை.”

“அசையாம நிக்கி” என்றார் இசக்கியம்மாள். “எப்போ நடந்தது?”

“மூணு வருஷம் ஆச்சு. வகுப்பிலே இதைச் சொல்லாம நான் முடிச்சதில்லை.”

உச்சிமாகாளி தன் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். ரோட்டோரத்து மைல்கல்லில் போய் உட்கார்ந்தார்.

“அவரு எங்கே போறாரு?”

“பஸ்ஸுக்கு.”

“வண்டி இப்போ சரியாயிரும்லா. இருக்கச் சொல்லுங்க.”

“வண்டிக்காகப் போகலை.”

இசக்கியம்மாள் மறுபடி பெல்ட்டைப் பார்த்தார்.

“இதுக்கு முன்னாடி எத்தனை அறுந்துச்சு?”

“ஆறு. மூணு வருஷத்திலே ஆறு. சும்மா சொல்லலை, சாட்சி இருக்கு.”

கோமதிநாயகம் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். உள்ளே அறுந்த பெல்ட்டுகள் ஆறு. ஒவ்வொன்றிலும் ஒரு காகிதச் சீட்டு கட்டியிருந்தது. அறுந்த தேதி, அறுந்த இடம், வாங்கிய கடை. அடியில் ஒரு நோட்டு. அட்டையில் ‘ரப்பர் முதலாளிகளின் மோசடி’ என்று எழுதியிருந்தது.

“பதினாறு பக்கம் எழுதியாச்சு. அச்சுக்குக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.”

“ஏழாவதுக்கும் இடம் விட்டிருக்கீகளா?”

“விட்டிருக்கேன்.”

இசக்கியம்மாள் ஆறு பெல்ட்டையும் தரையில் வரிசையாகப் போட்டார். ஏழாவதையும் என்ஜினிலிருந்து கழற்றிப் பக்கத்தில் வைத்தார். அது அறுந்திருக்கவில்லை. ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“பாருங்க அண்ணாச்சி.”

“பார்க்கிறேன். எல்லாம் தேஞ்சது.”

“எந்தப் பக்கம்?”

கோமதிநாயகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குந்தினார். ஏழும் ஒரே ஓரம் தேய்ந்திருந்தன. மற்ற ஓரம் கடையில் வாங்கியபடி இருந்தது.

“எல்லாம் ஒரே கம்பெனியா?”

“அஞ்சு கம்பெனி. ஒருத்தனும் யோக்கியன் இல்லை.”

“அஞ்சு கம்பெனிக்காரனும் கூடிப் பேசி, ஒரே ஓரத்தை மட்டும் மோசமாச் செஞ்சிருப்பானோ?”

மைல்கல் பக்கமிருந்து ஓர் இருமல் கேட்டது. சிரிப்பை மறைக்கிற இருமல்.

“முதலாளிகள் கூடிப் பேசுவாங்க. உனக்குத் தெரியாது தாயி.”

இசக்கியம்மாள் வண்டிக்குள் எட்டி, ஒரு துண்டறிக்கைக் கட்டிலிருந்த நூலை அவிழ்த்தார்.

“அண்ணே, ஒரு கை பிடிங்க.”

உச்சிமாகாளி ஆசானைப் பார்த்தார். ஆசான் வேறெங்கோ பார்த்தார். உச்சிமாகாளி வந்து நூலின் ஒரு முனையைப் பிடித்தார்.

கீழே என்ஜின் சக்கரத்தின் முகத்தோடு நூலை ஒட்டவைத்து, மேலே டைனமோ சக்கரம்வரை விறைப்பாக இழுத்தார் இசக்கியம்மாள். கீழே இரண்டு ஓரத்திலும் நூல் தொட்டது. மேலே ஒட்டாமல் சாய்ந்து, சக்கரத்தின் முகத்தில் முட்டி வளைந்தது.

“மேல் சக்கரம் வெளியே தள்ளி நிக்கி. அதான் நூல் வளையுது.”

“எவ்வளவு தள்ளி?”

இசக்கியம்மாள் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு வாஷரை எடுத்தார். கீழ்ச் சக்கரத்துக்கும் நூலுக்கும் நடுவே அதைக் கொடுத்தார். மேலே நூல் நேரானது.

ஒரு லாரி போனது. கோமதிநாயகம் குனிந்து அந்த இரும்புப் பட்டையைத் தொட்டார்.

“அது என் கையாலே செஞ்சது” என்றார் கோமதிநாயகம்.

“ஆமா. நல்ல வேலை. ஒரு வாஷர் கனம்தான் தப்பு.”

“வாஷரை எடுத்தே ஆகணுமா?”

“கட்டாயம் இல்லை. பெட்டியிலே இன்னும் இடம் இருக்கே.”

கோமதிநாயகம் தரையில் கிடந்த ஏழு பெல்ட்டையும் பார்த்தார். பிறகு நூலைப் பிடித்துக்கொண்டிருந்த உச்சிமாகாளியின் கையைப் பார்த்தார். அந்தக் கை அசையவில்லை.

“ஸ்பானரைக் கொடு.”

“நான் கழட்டுறேன் அண்ணாச்சி.”

“மாட்டினது நான்.”

போல்ட் துருப்பிடித்திருந்தது. எளிதில் வரவில்லை. அவர் யாரையும் கைகொடுக்க விடவில்லை. கடைசியில் வாஷர் உள்ளங்கையில் வந்து விழுந்தது. அதைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தார்.

தூரத்தில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

உச்சிமாகாளி நூலைச் சுற்றி ஒழுங்காக வைத்தார். பையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தார்.

இசக்கியம்மாள் புதுப் பெல்ட்டின் உறையைக் கிழிக்கப்போனார்.

“பொறு” என்றார் கோமதிநாயகம். ஏழாவது பெல்ட்டைக் கையில் எடுத்தார். “இது ஓடுமா?”

“எது? பழசா?”

“ஒரு ஓரம் தேஞ்சது. சக்கரத்தை நேராக்கிட்டா, இது ஓடுமா?”

இசக்கியம்மாள் அதை வாங்கி உள்பக்கம் வெளியே தெரிய வளைத்தார். வெடிப்பு இருக்கிறதா என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்.

“அறுந்த ஆறும் அறுந்ததுதான். அதுக்கு வழி இல்லை. இதைக் கழுவிப் போட்டா ஓடும். இத்தனை நாளு கோணலா ஓடினதில்லையா, கொஞ்ச நாளைக்குக் கத்தும்.”

“கத்தினா?”

“சோப்பை எடுக்காதீக.”

பஸ் வந்து நின்றது. உச்சிமாகாளி ஒரு காலைப் படியில் வைத்தார்.

“மாகாளி!”

அவர் திரும்பினார். கோமதிநாயகம் ரோட்டுக்கு வந்திருந்தார். ஒரு கையில் பெல்ட், இன்னொரு கையில் வாஷர்.

“ஒருவேளைன்னு ஆரம்பிச்சீரே. நான் பாதியிலே நிறுத்திட்டேன். மிச்சத்தைச் சொல்லும்.”

“ஏறுறீரா, இல்லை நின்னு பேசப் போறீரா?” என்று கண்டக்டர் கேட்டார்.

உச்சிமாகாளி காலை எடுத்துக் கீழே வைத்தார். விசில் அடித்தது. பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

“அது பெல்ட்டைப் பத்தி மட்டும் இல்லை.”

“இருக்கட்டும்.”

“சொன்னா நேரமாகும்.”

“ஆகட்டும்.”

உச்சிமாகாளி பையைத் தரையில் வைத்தார்.

“இருபத்தாறு வருஷம் இருக்கு, தோழர்.”